குளவி நிரை

1

போன சனிக்கிழமை நான் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைச் சேற்றில் தள்ளி, அவர் பக்கத்தில் நானும் விழுந்து, என் மழைக்கோட்டால் அவர் தலையை மூடி அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் மார்கரெட். வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். தள்ளிய வேகத்தில் அவருடைய ஒரு காதுத்தோடும் தொலைந்துபோயிற்று.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்பீர்கள். அங்கே நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய நகரம். ஊருக்கு வெளியே ஒரு பழைய காடும் குளமும் இருக்கின்றன. இந்த நாட்டின் பெரிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அதைப் பராமரிக்கிறது. என் மகள் மிதுனா அதில் தொண்டர். பத்தொன்பது வயது. படிப்பு இல்லாத நாளெல்லாம் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கேதான் கிடப்பாள். போன சனிக்கிழமை அங்கே தேனீ நாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தேன்கூடு, பிள்ளைகளுக்கு முகத்தில் மஞ்சள் கறுப்பு வர்ணம், எலுமிச்சை கேக் எல்லாம் உண்டு. என்னைக் கட்டாயம் வரச் சொன்னாள். வந்து பார்த்தால் பயம் போய்விடும் என்றாள்.

என் பயத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். போன வருடம் இதே மாதம் எங்கள் ஊரான பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அக்கா பூமணி குளவி கொட்டிச் செத்துப்போனாள். அன்றிலிருந்து ஜன்னலில் ஒரு ஈ முனகினாலும் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

நான் போன நேரம், குளக்கரை மரத்திலிருந்து ஒரு தேனீக் கூட்டம் கிளம்பியது. அந்தச் சத்தத்தை மறக்க முடியாது. காதில் கேட்கும் முன்பே நெஞ்சில் கேட்கும். மற்றவர்கள் எல்லோரும் தலையை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் மட்டும் தமிழில் "படுங்க, ஓடாதீங்க" என்று கத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற மார்கரெட்டை இழுத்து முள்வேலிப் பற்றைக்கு அடியில் தள்ளினேன். அவரும் பாவம், தமிழ் தெரியாமலே படுத்தார்.

கூட்டம் எங்கள் தலைக்கு மேலாகப் போய், ஒரு கிளையில் சாதுவாகத் தொங்கிக்கொண்டது. தேனீ வளர்க்கும் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்து அதைக் கோழிக்குஞ்சு பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு போனார். ஒருவரையும் ஒரு தேனீயும் கொட்டவில்லை. ஆனாலும் மார்கரெட்டின் முழங்கை சிராய்த்திருந்ததால் ஒரு படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று. நான்கு பக்கம். சம்பவம் எப்படி நடந்தது, இதற்கு முன்பு இப்படி நடந்திருக்கிறதா, இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம், அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஏகப்பட்ட கட்டங்கள். பச்சைச் சட்டைப் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு ஆங்கிலத்தில் உதவி வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டான். மிதுனா தூரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வந்து வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அவள், ஆங்கிலத்தில், இனிமேல் வாழ்நாள் முழுக்க இப்படித்தானா என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில் கேட்டாள். உங்களில் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் படுத்தது சரியென்று நீங்களாவது சொல்வீர்கள்.

2

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் குளவி என்றால் காட்டுப் பெருந்தேனீ. உயர்ந்த மரக்கிளையில் சுளகு அளவுக்குக் கூடு கட்டித் தொங்கும். சும்மா இருக்கும்வரை ஒன்றுமில்லை. ஒரு பருந்து வந்து கூட்டில் அடித்தாலோ, காற்றில் கிளை முறிந்தாலோ முடிந்தது கதை. தேயிலைக்குள் நிற்பவள் எங்கே ஓடுவது? இடுப்பளவு செடி, கீழே தண்ணீர் ஓடும் கான், வழுக்கும் சரிவு. ஓடினால் துரத்தும். அதனால் கூடையை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கும் படங்கு என்ற தடித்த துணியை அவிழ்த்துத் தலையோடு மூடி, தேயிலைச் செடியின் தூருக்குள் குப்புறப் படுக்க வேண்டும். மூச்சு விடுவதுகூட மண்ணுக்குள்ளேதான். வேலைக்குப் புதிதாகப் பேர் பதியும் பெண்ணுக்குக் கொழுந்து கிள்ளச் சொல்லிக்கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் எங்கள் தோட்டத்தில் உண்டு. தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் நாங்கள் மலை என்போம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை என்று சொல்வார்கள். மலைக்குப் போனதும் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. ஏழாம் நம்பர் மலையில், ஓடைக்கரையில், வருடா வருடம் குளவி வந்து கட்டும் ஒரு பெரிய காட்டு மரம் இருக்கிறது. அந்த மரத்துக்கு நேர்கீழே போகும் நிரைக்குக் குளவி நிரை என்றே பெயர். அந்த நிரையில் யார் நிற்பது என்பதைக் கங்காணி முடிவு செய்வதில்லை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மடிப்பார். பெண்கள்தான் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

கைப்பிள்ளைக்காரிக்கு அந்த நிரை இல்லை. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்திருப்பவளுக்கும் இல்லை. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தவர்கள், பிள்ளையே இல்லாதவர்கள், இவர்கள்தான் அதில் நிற்பார்கள். சாயங்காலம் யாரும் வாசலைப் பார்த்துக் காத்திருக்காதவர்கள் என்று கணக்கு. எந்தத் துரையும் போட்ட சட்டமில்லை, எந்தச் சங்கமும் பேசி வாங்கியதுமில்லை. அந்தப் பெண்களைப் படிப்பில்லாதவர்கள் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் நான். எனக்கு மூன்று வயதில் அம்மாவும், ஐந்து வயதில் அப்பாவும் போனார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் அவளைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. அவளும் விட்டுவிட்டாள். பிள்ளை இல்லாதவள் என்ற கணக்கில் அந்த நிரை அவளுக்குத்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் விழவில்லை. நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

"பூமணிக்கு வேணாம். அவளுக்குத் தங்கச்சி இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பேச்சு வந்ததே என்று பெருமையாக மட்டும் இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டிக்கொண்டே தோட்ட வீட்டு வரிசையான லயத்துக்குப் போனேன்.

3

இங்கே நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். வந்து பதின்மூன்று வருடம். அட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், இங்கே வந்து பிறர் பல்செட்டைக் கழுவுகிறேன். வேலையைக் குறை சொல்லவில்லை. கையில் பிடித்து நடத்தும் கிழவர்கள் என்னிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். சிலோன் என்றால், ஆகா, உங்கள் தேநீர் அருமை என்பார்கள். நானே போட்டதுபோல நன்றி சொல்லிவிடுவேன்.

இங்கிருக்கும் நம் நாட்டுத் தமிழர்களிடமும் ஒரு பாடுதான். கோயிலில் யாராவது நீங்கள் எந்த இடம் என்று கேட்பார்கள். பொகவந்தலாவை என்பேன். "ஓ, தோட்டமோ" என்பார்கள். அந்த ஓ கொஞ்சம் நீளும். மிதுனாவை ஏழு வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். பெரியம்மா தோட்டத்தில் இருக்காங்க என்று எழுதியிருந்தாளாம். ரீச்சர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, தன் ஊர்ப் பேச்சில் இருக்கிறா என்று எழுதியிருந்தார். அம்மா பேசுவது பிழையா என்று கேட்டாள். பிழையில்லை, வேறு என்று சொன்னேன். பிள்ளைக்கு அது போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழை என்னிடம் மட்டும் பேசினாள், அப்புறம் நான் கோபப்படும்போது மட்டும், அப்புறம் அதுவும் இல்லை.

தமிழ் போன இடத்தில் இந்த இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வந்து உட்கார்ந்தது. வசந்தம் பிறக்கும் நாட்களில் தேரைகள் குளத்துக்குப் போகத் தெருவைக் கடக்குமாம். அதற்காக ஒரு தெருவையே மூடிவிடுவார்கள். பொழுது கவிழ்ந்ததும் என் மகளும் மற்றத் தொண்டர்களும் வாளியில் தேரைகளை எடுத்து எண்ணி, அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோது உள்ளே வௌவால் இருந்தது. வௌவால் குட்டி போட்டு முடியும்வரை ஓடு மாற்ற முடியாது என்று எழுத்தில் அறிவித்தார்கள். நானும் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தேன். லயத்தில் எட்டு வருடம் ஒழுகிய தகரத்துக்கு வாளி வைத்தவள்தானே, இது ஒரு பெரிய காரியமா? ஆனால் லயத்துக் கூரையைப் பார்க்க எவரும் படிவத்தோடு வரவில்லை. நாங்கள் வௌவாலாகப் பிறந்திருக்கலாம்.

இப்படி நான் பேசினால் மிதுனாவுக்குப் பிடிக்காது. தேரையைக் காப்பாற்றினால் மனிதரைக் காப்பாற்றக்கூடாது என்று யார் சொன்னது என்பாள். அவள் கேட்பது நியாயம். எனக்கோ எரிச்சல்தான் வரும்.

4

அக்காவைக் குளவி முதலில் கொட்டியது அவள் சாவதற்கு முந்தின வருடம். நாலைந்து கொட்டுத்தான். முகம் வீங்கி, மூச்சு அடைத்து, இரண்டு நாள் வார்டில் கிடந்திருக்கிறாள். சிலருக்குக் குளவி விஷம் சுத்தமாக ஆகாதாம், இன்னொரு தடவை பட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு கிழமை கழித்து, வேடிக்கைக் கதைபோல இதை என்னிடம் போனில் சொன்னாள். வேலையை விடு, இங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். லயத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா என்று சிரித்தாள். குளவி நிரையில் உன்னை விடமாட்டார்கள்தானே என்று கேட்டேன். "சும்மா இரு புள்ள" என்று சொல்லிவிட்டு, மிதுனா சாப்பிட்டாளா என்று கேட்டாள். அவள் பேச்சை மாற்றியது எனக்கு உறைக்கவில்லை.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்தேன். ஏழாம் நம்பர் மரத்தில் இருக்கும் கூட்டை அகற்ற வேண்டும் என்றேன். கிளார்க் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். அந்த மரம் இப்போது தோட்டத்துக்குச் சொந்தமில்லை. ஓடைக்கரைக் காட்டைக் கொழும்பில் இருக்கும் ஒரு தேசிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்து வளர்க்கிறது, நாங்கள் ஒரு குச்சி முறிக்க முடியாது, அவர்களிடம் கேளுங்கள் என்றார். கொழும்பு அமைப்புக்குத் தமிழில் எழுதினேன். பதிலில்லை. சிங்களம் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதுவித்தேன். பதிலில்லை. என் ஆங்கிலத்தில் எழுதினேன். கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது.

கடைசியில் மிதுனாவிடம் கேட்டேன். அவள் தன் அமைப்பின் முகவரியிலிருந்து, தொண்டர் என்று கீழே போட்டு, நாலு பத்தியில் எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. 'அன்புள்ள மிதுனா' என்று தொடங்கியது. முதல் பத்தியில் எங்களைத் திருத்தியிருந்தார்கள். நீங்கள் குறிப்பிடுவது குளவி அல்ல, பெருந்தேனீ, இரண்டும் வேறு வேறு என்று விளக்கியிருந்தார்கள். இரண்டாம் பத்தியில், கடல் கடந்தும் இளைஞர்கள் இயற்கைமேல் அக்கறை காட்டுவது மகிழ்ச்சி என்று இருந்தது. அந்த இனம் குறைந்துவருகிறது, கூட்டைக் கொளுத்தக்கூடாது, பருவம் முடிந்ததும் தானாகவே போய்விடும், அதுவரை அந்த மலையில் கொழுந்து எடுப்பதை நிறுத்தும்படி தோட்டத்துக்குச் சிபாரிசு செய்கிறோம், நேரில் வந்தும் பார்க்கிறோம் என்று முடித்திருந்தார்கள்.

மிதுனா துள்ளிக் குதித்தாள். உண்மையைச் சொன்னால், நானும்தான். அன்று அவளுக்காகப் பாயசம் வைத்தேன். என் மகள் எழுதிய கடிதத்துக்குக் கொழும்பிலிருந்து ஆள் போகிறது என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அவர்களும் சொன்னபடி போனார்கள். அக்கா போனில் சொன்னாள். சின்ன வயதுப் பையன் ஒருவன் ஜீப்பில் வந்தானாம். மரியாதையான பிள்ளை, சிங்களத்தில் அக்கே என்று கூப்பிட்டுப் பேசினானாம். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அபாயம் என்று போர்டு நட்டார்களாம். காடு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் நடக்கும் பாதை அந்த மரத்தடியாகத்தான் போகிறது, அதையும் மாற்றிவிட்டார்களாம்.

"வெள்ளக்காரங்க வர்ற பாதய ஓடைக்கு அந்தப் பக்கமா கொண்டுபோயிட்டாங்க தங்கச்சி. நல்லதுதான். பாவம், அவங்களுக்குக் குளவி பழக்கமில்லல்ல" என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. அந்தக் குணமெல்லாம் எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. உன்னை எந்தப் பக்கம் மாற்றினார்கள் என்று கேட்டேன்.

"நம்ம எங்க போறது? மல அங்கதான இருக்கு. போட்டோ எல்லாம் புடிச்சாங்க. மரத்தப் புடிச்சாங்க, என்னையும் புடிச்சாங்க."

தோட்டத்தில் கேட்டேன். சிபாரிசு கிடைத்தது, கவனத்தில் எடுத்திருக்கிறோம், ஆனால் கொழுந்து பொங்கி நிற்கும் நேரத்தில் ஒரு மலையை விட முடியாது என்றார்கள். அமைப்பிடம் கேட்டேன். சிபாரிசு செய்யத்தான் எங்களால் முடியும் என்றார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் என் அக்கா கூடையோடு நின்றாள்.

5

செய்தி வந்தபோது இங்கே காலை. நான் ஒரு பாட்டாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் எடுத்தது லெட்சுமி, அக்காவின் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி, அக்காவோடு ஒரே மலையில் வேலை செய்பவள். பருந்து அடித்திருக்கிறது. எல்லோரும் படுத்திருக்கிறார்கள். அக்காவும் படுத்திருக்கிறாள். லெட்சுமிக்கு உடம்பெல்லாம் கொட்டி எழும்பி நடந்திருக்கிறாள். அக்காவுக்கு நாலைந்துதான். அவளுக்கு அது போதுமாயிருந்தது. கொழுந்து லொறி ஃபேக்டரிக்குப் போய்க் கொழுந்தை இறக்கிவிட்டு வந்துதான் அவளை ஏற்றியது.

வேலையிடத்தில் துக்க விடுமுறைக்கு ஒரு படிவம் தந்தார்கள். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டு, தாய், தந்தை, கணவர், பிள்ளை என்று கட்டம் போட்டிருந்தது. அக்காவுக்குக் கட்டம் இல்லை. மேலாளர் அனுதாபத்தோடு, மற்றவை என்பதில் குறியிடலாம் என்றார். என்னை வளர்த்தவளை நான் மற்றவை என்று எழுதினேன். அதிலும் பயனில்லை. என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது, கேட்ட உடனே கைக்கு வரவில்லை. லெட்சுமி பிடித்த போனில், கையளவு படத்தில், அவளை மண்ணில் இறக்குவதைப் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை லைன் போய்விட்டது.

மிதுனா அழுதுகொண்டே கொழும்புக்கு எழுதினாள். ஆழ்ந்த அனுதாபம் என்று பதில் வந்தது. கூடவே, தேனீக்கள் கலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுப்பிரசுரமும் இணைத்திருந்தார்கள். முதல் வரியில், நேர்கோட்டில் வேகமாக ஓடி ஒரு கட்டடத்துக்குள் புகவும் என்று இருந்தது. எழுதியவர் தேயிலைக்குள் ஒருநாளாவது ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

6

இனி இந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்குகிறது. கொழும்பு அமைப்பு மிதுனாவுக்கு நன்றியாக அனுப்பியது. யானை, ஆமை, நீலப் பறவை என்று மாதத்துக்கொரு படம். மாதம் பிறந்ததும் தாளைத் திருப்புவது மிதுனா. நான் தேதியை மட்டும் பார்ப்பேன், வேலை நாளைக் குறித்துக்கொள்வேன். திங்கட்கிழமை காலை, மார்கரெட்டுக்கு ஒரு மன்னிப்பு அட்டை எழுத உட்கார்ந்தவள், வார்த்தை வராமல் சுவரைப் பார்த்தேன்.

படத்தில் அந்த மரம். கிளையில் கூடு, கருகிய தோசைபோல. மேலே நீல வானம், ஒரு மேகத் துண்டு கிடையாது. கீழே மூலையில், சுண்டுவிரல் அளவில், ஒரு பெண் கொழுந்து எடுக்கிறாள். படங்கைத் தலையில் போர்த்து, கழுத்துக்குக் கீழே ஊதா நிறப் பட்டியால் இழுத்துக் கட்டியிருக்கிறாள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பட்டி மிதுனாவின் பழைய பள்ளிப்பையில் இருந்தது. பை கிழிந்தபோது, இது நல்ல உறுதி, அக்காவுக்கு உதவும் என்று நான்தான் வெட்டிப் பார்சலில் வைத்தேன்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பாரம்பரியத் தலைமறைப்போடு ஒரு தோட்டப் பெண், தேனீக்களோடு இசைந்த வாழ்வு என்று அர்த்தம்.

படங்கு இடுப்பில் கட்டுவது. மழை என்றால் தலையில் வரும். வெயிலில், வேலை நடுவில், ஒரு பெண் அதைத் தலையில் போர்த்திக் கழுத்தோடு கட்டியிருக்கிறாள் என்றால், எந்த நிமிடமும் விழுந்து படுக்கத் தயாராக நிற்கிறாள் என்று அர்த்தம். அந்த மரத்துக்கு அவ்வளவு கிட்ட நிற்கிறாள் என்றால், அது குளவி நிரை.

அவளுக்கு யார் அந்த நிரையைக் கொடுத்தார்கள்? டாக்டர் சொன்னது தெரிந்தும் எந்தப் பாவி கொடுத்தாள்? லெட்சுமிக்குப் போன் எடுத்தேன். அங்கே பகல், வேலை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்தில் அவள் பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. நான் கத்தினேன். அவள் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் என்றாள்.

எனக்கு இந்த நாட்டில் நிரந்தர விசா கிடைத்த செய்தியை அக்காவுக்குச் சொன்னது ஏழு வருடங்களுக்கு முன்பு. அன்று சாயங்காலம் அவள் லயம் முழுக்கக் கேசரி கொடுத்தாளாம். அடுத்த நாள் காலை பெரட்டில், யாரும் கேட்காமலே, முன்னால் வந்து நின்றாளாம். அவள் சொன்னதை லெட்சுமி அப்படியே சொன்னாள்.

"இனிமே குளவி நிரைய எனக்கே குடுங்க. என் தங்கச்சி கரை சேந்துட்டா. இனி எனக்குன்னு காத்திருக்க ஆளில்ல."

முதல் தடவை கொட்டிய பிறகு மற்றப் பெண்கள் தடுத்திருக்கிறார்கள். லெட்சுமியே சண்டை போட்டிருக்கிறாள். அக்காவோ, நான் போகவில்லை என்றால் அந்த நிரையில் வேறொருத்தி நிற்க வேண்டும், அவளுக்கு யாராவது இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவாளாம்.

போனை வைத்தேன். ஒரு வருடமாக நான் தோட்டத்தைத் திட்டினேன், கொழும்பைத் திட்டினேன், தேரையைத் தூக்கிக்கொண்டு திரிகிற என் மகளைக்கூட மனதுக்குள் திட்டினேன். இன்னமும் அவர்களை மன்னிக்கவில்லை. ஆனால் நான் திட்டியவர்களின் வரிசையில் ஒரு ஆளை விட்டுவிட்டிருந்தேன்.

மிதுனா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் அந்த நான்கு பக்கப் படிவம். சனிக்கிழமை நான் பாதியில் விட்டுவிட்டேன், முடித்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்ததும் படிவத்தை மேசையில் வைத்தாள். நான் கலண்டரைக் காட்டினேன். முதலில் அவளுக்குத் தெரியவில்லை. பட்டியைத் தொட்டுக் காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் படத்தின் முன்னால் தினமும் காலையில் நின்று தேநீருக்குப் பால் ஊற்றினேனே என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னாள்.

அவளை உட்காரவைத்துக் குளவி நிரையைப் பற்றிச் சொன்னேன். எப்படிப் படுப்பது என்று சொன்னேன். யாருக்கு அந்த நிரை கொடுக்கமாட்டார்கள், யார் அதில் நிற்பார்கள் என்று எல்லாம் சொன்னேன். லெட்சுமி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தமிழில் கேட்டாள். அவள் தமிழில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"ஆனா அம்மா, பெரியம்மாக்கு நீங்க இருந்தீங்கதானே?"

"இருந்தேன் பாப்பா" என்றேன். "நல்லா இருந்தேன். அதனாலதான் அவ அந்த நிரைக்குப் போனா."